தாத்தாவோட செக்ஸ்டன்ட்: புளி போட்டுத் தேய்க்கிறதுக்கு முன்னாடி

இந்த வாரம் மென்பொருள் இல்லை, ஒரு பித்தளைக் கருவி. தாத்தா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். அவரோட செக்ஸ்டன்ட் மங்கலம்பேட்டை வீட்டுப் பரணில் மரப்பெட்டியோடு கிடந்தது. அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு அதைச் சரிபண்ணிக் கொடுக்கலாம்னு இறங்கினேன். பாதி கெடுத்த பிறகுதான் அதைப் பத்தி படிச்சேன்.

செக்ஸ்டன்ட் தொடுவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவில் இருக்கிற கோணத்தை அளக்கும். இரண்டு கண்ணாடி. ஒன்று அசையும் கையோடு திரும்பும். இன்னொன்று நிலையானது, அதில் பாதி ரசம் பூசியது, பாதி வெறும் கண்ணாடி. வெறும் பாதியில் தொடுவானம் தெரியும், ரசம் பூசிய பாதியில் சூரியன் இறங்கி வந்து அதன்மேல் உட்காரும். கண்ணாடி ஒரு டிகிரி திரும்பினால் ஒளி இரண்டு டிகிரி திரும்பும். அதனால்தான் வட்டத்தில் ஆறில் ஒரு பங்கே இருக்கிற வில்லில் 120 டிகிரி வரை கோடு இருக்கு. நண்பகல் அளவில் டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு தப்பினால், கப்பல் இருக்கும் இடம் ஒரு நாட்டிக்கல் மைல், அதாவது 1,852 மீட்டர் தப்பும்.

நான் என்ன செய்தேன்? குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்ச்சேன். சட்டத்தின் பழைய பூச்சு உரிஞ்சு வந்தது. வில்லில் பதிச்ச வெள்ளிப் பட்டையில் 110-க்கு மேலே கோடுகள் மங்கிடுச்சு. அது திரும்ப வராது. சூரியன் 90 டிகிரிக்கு மேல் ஏறாதுங்கிறதால கருவி தப்பிச்சது, அவ்வளவுதான்.

வில்லில் பாலிஷே கூடாது. மெல்லிய பிரஷ், லேசா ஈரமான பருத்தித் துணி போதும். ஆல்கஹாலும் வேண்டாம், பழைய ஷெல்லாக் பூச்சைக் கரைச்சிடும். திருகுக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். ரசம் போன கண்ணாடிக்குப் பதிலா கடைக் கண்ணாடி வெட்டிப் போடாதீங்க. இரண்டு பரப்பும் துல்லியமா இணையா இல்லைன்னா அளவு பொய் சொல்லும்.

நம்ம பக்கத்துக் கதை ஒன்று. கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம், லாம்டன் தன் முதல் அளவைக்கு எடுத்த முனைகளில் ஒன்று. 1808-ல் அவருடைய அரை டன் தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, வட்டம் வளைஞ்சது. மனுஷன் ஆறு வாரம் உட்கார்ந்து அதை இழுத்து இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். மினுமினுப்பு பத்தி அவருக்குக் கவலையே இல்லை, வட்டம் வட்டமா இருக்கணும்!

சரிபார்க்கத் தொடுவானம் வேணும், மங்கலம்பேட்டையில் ஏது? அப்பாவோட கடலூர் சில்வர் பீச் போனோம். கிழக்கு பார்த்த கடற்கரை, அதனால நண்பகல் சூரியனை அளக்க முடியாது. ஆனா பூஜ்ஜியப் பிழை பார்க்கலாம். இரண்டு தொடுவானமும் ஒரே கோடாகும்வரை திருகணும். அப்போ பூஜ்ஜியத்துக்கு மேலே காட்டுறதைக் கழிக்கணும், கீழே காட்டினால் கூட்டணும். எங்களுக்கு வந்தது மேலே 3 நிமிடம்.

பெட்டி மூடியின் உள்ளே ஒரு மஞ்சளடிச்ச காகிதம். அழுக்குன்னு கிழிக்கப் பார்த்தேன். அதில் தாத்தா பென்சிலில் இதே பிழையைத் தேதி போட்டு வரிசையா எழுதியிருக்கார். அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார், அப்புறம் "டேய், பென்சில் வாங்கிட்டு வா"ன்னார். கடைசி வரிக்குக் கீழே அன்னைக்குத் தேதி போட்டு, 3'ன்னு எழுதினார்.