நிலக்கரிச் சாம்பல்: பக்குவம் செய்தால் நீர் வடிகட்டி, அப்படியே கொட்டினால் கேடு

கீரைப் பாத்தியில் அசுவினி விழுந்தால் அடுப்புச் சாம்பலைத் தூவுவது நம் விவசாயிகளின் பழைய வழக்கம். விறகுச் சாம்பலில் சாம்பல் சத்தும் இருப்பதால் பயிருக்கு அது நல்லதே. ஆனால் அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பலை அதே கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதைப் பக்குவப்படுத்தினால் நீரில் கரைந்துள்ள காரீயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களைப் பிடித்து நிறுத்தும் பொருள் கிடைக்கும். பக்குவப்படுத்தாமல் கொட்டினால் நீரையும் மண்ணையும் அதுவே கெடுத்துவிடும். இந்த வித்தியாசத்தைச் சிறு விவசாயிகள் தெரிந்துகொள்வது அவசியம்.

நீர் கெடுவது எப்படி?

சென்னை புளியந்தோப்பு வழியாக வரும் ஓட்டேரி நல்லா, பேசின் பாலம் அருகே பக்கிங்காம் கால்வாயில் கலக்கிறது. கால்வாய் அங்கிருந்து வடக்கே தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கமாக எண்ணூர் முகத்துவாரம் வரை செல்கிறது. வழியில் வீட்டுச் சாக்கடையுடன் பட்டறைக் கழிவும் தொழிற்சாலைக் கழிவும் சேர்கின்றன.

எண்ணூரில் 1970-ல் தொடங்கிய அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. முகத்துவாரத்துக்கு வடக்கே வடசென்னை அனல்மின் நிலையம் 1990-களிலிருந்து இயங்கி வருகிறது. அதன் சாம்பல் நீரில் கரைக்கப்பட்டு, குழாய் மூலம் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்பப்பட்டது. குழாய்களில் பலமுறை உடைப்பு ஏற்பட்டுக் கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்ததை அப்பகுதி மக்கள் நன்கு அறிவார்கள்.

சாணமும் சாக்கடையும் நாளடைவில் மக்கிவிடும். உலோகம் மக்காது. முலாம் பூசும் பட்டறைகளிலிருந்து நிக்கல், குரோமியம், துத்தநாகம், காட்மியம் ஆகியவையும், பேட்டரி உடைக்கும் இடங்களிலிருந்து காரீயமும் நீரில் சேர்கின்றன. இந்த நீரைப் பாய்ச்சினால் உலோகம் ஆண்டுதோறும் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். காய், கனிகளைவிடக் கீரை வகைகள் இவற்றை அதிகமாக இழுத்துக்கொள்ளும். பார்வைக்குக் கீரை பசுமையாகவே இருக்கும்.

சாம்பலைப் பக்குவப்படுத்தும் முறை

நம் நாட்டு நிலக்கரி 100 கிலோவை எரித்தால் 30 முதல் 40 கிலோ வரை சாம்பல் மிஞ்சுகிறது. இதில் பெரும் பகுதி சிலிக்காவும் அலுமினாவும் ஆகும். இவை கண்ணாடி போன்ற நுண்ணிய உருண்டைகளாக இருக்கும். இந்தச் சாம்பலைக் காஸ்டிக் சோடா கரைசலில் இட்டு, சுமார் 100 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வைத்தால் அந்த உருண்டைகள் கரைந்து, ஜியோலைட் என்னும் புதிய படிகமாக மாறுகின்றன. இதை ஹோலர், விர்ஷிங் என்ற இரு விஞ்ஞானிகள் 1985-ல் எடுத்துக் காட்டினார்கள். அதன்பின் நம் நாடு உள்படப் பல நாடுகளில் இது ஆராயப்பட்டு வருகிறது.

ஜியோலைட் நமக்குப் புதிய பொருள் அல்ல. சலவைத் தூளில் உப்புநீரை மென்மையாக்கச் சேர்ப்பதும் ஜியோலைட்தான். தேன்கூடு போல் எங்கும் நுண்துளைகள் கொண்டது இது. துளைகளின் சுவரில் சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கும். காரீயம் கலந்த நீர் உள்ளே புகுந்ததும் காரீயம் சுவரில் ஒட்டிக்கொள்ள, சோடியம் விலகி நீரில் போய்விடும். தாமிரம், காட்மியம், துத்தநாகம், நிக்கல் ஆகியவையும் இவ்விதமே பிடிபடும். இவற்றுள் காரீயமே மிக எளிதாகப் பிடிபடுகிறது.

ஆனால் எல்லா நஞ்சையும் இது பிடிக்காது. தோல் பதனிடுதல், முலாம் பூசுதல் போன்ற தொழில்களுக்கான ரசாயனங்களைத் தயாரிக்கும்போது உண்டாகும் ஆறு இணைதிறன் குரோமியம், ஜியோலைட்டில் ஒட்டாமல் போய்விடும். ஆர்சனிக்கும் அப்படியே. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியல் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். அதிலிருந்து கசிந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது இந்தக் குரோமியம்தான். இதற்கு வேறொரு கழிவு உதவும். கடைசல் பட்டறையில் விழும் இரும்புச் சீவலின் மேல் இந்த நீரைச் செலுத்தினால், குரோமியம் நச்சு குறைந்த மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாறி வண்டலாகப் படியும்.

கிணற்றில் போட்டால் என்ன?

இப்படி நல்ல பொருள் இருக்கும்போது அதைக் கிணற்றிலோ வாய்க்காலிலோ போட்டால் போதாதா என்று விவசாயிகள் கேட்கலாம். போதாது. ஒரு கணக்கைப் பாருங்கள்.

ஓர் ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் நீர் பாய்ச்சினால் சுமார் 2 லட்சம் லிட்டர் ஆகிறது. அந்த நீரில் லிட்டருக்கு 1 மில்லி கிராம் காரீயம் இருப்பதாக வைத்துக்கொண்டால் மொத்தம் 200 கிராம் காரீயம். அதே நீர் லிட்டருக்கு 100 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து உள்ள கடின நீராக இருந்தால், 20 கிலோ சுண்ணாம்புச் சத்து வரும். இந்த 20 கிலோவும் அதே துளைகளில் இடம் பிடிக்கப் போட்டியிடும். மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் கடல்நீர் ஏறி உவர்ப்பான கிணறுகளில் உப்பின் போட்டி இன்னும் அதிகம். பொருள் விரைவில் நிரம்பிப் பயனற்றதாகிவிடும்.

முலாம் பட்டறையின் தொட்டியிலோ சில நூறு லிட்டர் நீர்தான் இருக்கும். உலோகம் அதில் செறிந்திருக்கும். அங்கேயே பிடிப்பது எளிது, செலவும் குறைவு. ஆகவே இந்த வடிகட்டிக்கு உரிய இடம் ஆலையின் கழிவுநீர் வாயிலே தவிர, விவசாயியின் கிணறு அல்ல. வடிகட்டி நிரம்பியபின் அது நச்சுக் கழிவாகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. அதை முறையாக அகற்றும் பொறுப்பும் ஆலையையே சேர்ந்தது.

இலவசச் சாம்பல்: ஜாக்கிரதை

அனல்மின் நிலையங்கள் தங்கள் சாம்பல் முழுவதையும் பயன்படுத்தியாக வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021 டிசம்பர் 31-ல் அறிவிக்கை வெளியிட்டது. செங்கல், சிமெண்ட், சாலை வேலைகளுக்கு இது நல்ல ஏற்பாடு. பள்ளமான நிலத்தை நிரப்பவும் சாம்பல் கொடுக்கலாம். ஆனால் விவசாயத்துக்கு, மண் பரிசோதனையின் பேரில் அளவோடுதான் பயன்படுத்த வேண்டும் என்று அந்த அறிவிக்கையே கூறுகிறது. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், காரீயம், குரோமியம் ஆகியவை சிறிதளவு இருக்கின்றன. மழையில் அவை கசிந்து கிணற்றுக்கு வரக்கூடும். இலவசமாக வந்து இறங்குகிறதே என்று வாங்கிப் போட்டுவிட்டால் பிறகு மண்ணிலிருந்து எடுக்க முடியாது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. ஆலை, சாம்பல் குளம், கழிவுநீர்க் கால்வாய் ஆகியவற்றுக்கு அருகில் நிலம் உள்ளவர்கள் பாசன நீரைப் பரிசோதிக்க வேண்டும். சாதாரணப் பரிசோதனையில் காரீயமும் காட்மியமும் பார்ப்பதில்லை. "கன உலோகப் பரிசோதனை" என்று தனியாகக் கேளுங்கள்.

2. பம்பு செட்டைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்து, அன்றே ஆய்வுக்கூடத்தில் சேர்க்கவும்.

3. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி பாசன நீரில் லிட்டருக்குக் காட்மியம் 0.01, குரோமியம் 0.1, நிக்கல் 0.2, துத்தநாகம் 2 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. காட்மியம், குரோமியம், நிக்கல் ஆகியவற்றுக்குக் குடிநீர் அளவு இதைவிடக் கடுமையானது. குடிநீரில் காரீயம் 0.01 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது.

4. உலோகம் கலந்த நீரைக் காய்ச்சிக் குடிப்பதில் பயனில்லை. நீர் வற்றுமே தவிர உலோகம் போகாது.

5. சந்தேகமான நீரில் கீரை பயிரிட வேண்டாம். முடிவு தெரியும் வரை மல்லிகை, சவுக்கு போன்ற உண்ணாத பயிருக்கு மாறலாம்.

6. புளிப்பு மண்ணாக இருந்தால் பரிசோதனையின் பேரில் சுண்ணாம்பு இடவும். தொழு உரமும் போதிய அளவு இட்டால் பயிர் இழுக்கும் காட்மியம் குறையும்.

7. சோதனை அறிக்கையில் அளவு மீறியிருந்தால் அதன் நகலுடன் பல விவசாயிகள் சேர்ந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு கொடுங்கள். "தண்ணீர் கெட்டுப் போயிற்று" என்று மட்டும் சொல்வதைவிட, எந்த உலோகம், எவ்வளவு என்று எழுதிய மனுவுக்கு வலு அதிகம்.