எலிஸ் ஏறிய வண்டி

1836, இங்கிலாந்து. டான்காஸ்டர் நகரில் செயின்ட் லெஜர் பந்தயம் நெருங்கிவிட்டது. அதில் ஓட வேண்டிய எலிஸ் என்ற குதிரையோ இன்னும் தெற்கே குட்வுட் லாயத்தில் நிற்கிறது. இடையில் சுமார் 400 கிலோமீட்டர். அன்று பந்தயக் குதிரையும் ஊர்விட்டு ஊர் நடந்துதான் போகும். குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்தபடி கூடவே நடப்பார். அவ்வளவு தூரத்துக்கு இரண்டு வாரம் பிடிக்கும். கால் வீங்காமல், லாடம் கழலாமல் போய்ச் சேர்ந்தாலே பெரிது. எலிஸ் வரப்போவதில்லை என்று பந்தயக்காரர்கள் கணக்குப் போட்டார்கள்.

சொந்தக்காரர் ஜார்ஜ் பென்டிங்க் பிரபு சத்தமில்லாமல் லண்டனில் ஒரு வண்டி செய்து வைத்திருந்தார். குதிரை இடித்துக்கொள்ளாதபடி உள்சுவருக்கு மெத்தை. எலிஸையும் துணைக்கு இன்னொரு குதிரையையும் ஏற்றினார்கள். வழிநெடுக மாற்றி மாற்றிப் பூட்டிய ஆறு குதிரைகள் அதை இழுத்தன. நாளுக்குச் சுமார் 130 கிலோமீட்டர். நடுவே லிச்ஃபீல்டில் இறக்கி ஓடவும் விட்டார்கள். மூன்றே நாளில் டான்காஸ்டர். எலிஸ் ஜெயித்தது. அந்தத் துணைக்குதிரைதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். குதிரை கூட்டமாக வாழும் பிராணி. தனியே அடைத்தால் மிரளும்.

அந்த 400 கிலோமீட்டர் இன்று லாரிக்கு ஒரு பகல் தூரம்கூட இல்லை. வசதியான வண்டிகளில் ரப்பர் விரிப்பு, தடுப்பு, காற்றோட்டம், ஓட்டுநர் பார்க்கக் கேமரா எல்லாம் உண்டு. நம் ஊட்டியில் பந்தயம் நடந்த காலத்திலும் குதிரைகள் லாரியில்தான் மலையேறின.

ஆனால் லாரியில் போகும் குதிரை சும்மா நிற்பதில்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் வளைவுக்கும் நாலு காலையும் ஊன்றித் தன் உடம்பைத் தானே தாங்குகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து தலையைத் தூக்கிக் கட்டுவது. நடந்து போன குதிரை வழியோரப் புல்லுக்குத் தலையைத் தாழ்த்தியது; மூச்சுக்குழாயில் சேர்ந்த சளியும் தூசியும் அப்போது வடிந்துவிடும். பல மணி நேரம் தலை தாழ்த்த முடியாவிட்டால் அந்தச் சளியில் கிருமி பெருகி நுரையீரலுக்கு இறங்குகிறது. பயணம் முடிந்து ஓரிரு நாளில் காய்ச்சல் வந்து, கவனிக்காவிட்டால் உயிரையே வாங்கிவிடும்.

ஆடி மாத அந்தியூர்க் குதிரைச் சந்தைக்கு வந்த ஒரு லாரியைப் பார்த்தேன். குறுக்குக் கம்பியில் இறுகக் கட்டிய கயிறு, அண்ணாந்தே நிற்கும் முகம், மூக்கோரம் காய்ந்த சளி. இறக்கியதும் அந்தக் குதிரை தண்ணீரைக்கூடத் தேடவில்லை. தலையைத் தரைவரை தொங்கவிட்டு வெகுநேரம் அப்படியே நின்றது.

குதிரை ஏற்றுகிறவர்களே, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை ஓரங்கட்டுங்கள். கயிற்றைத் தளர்த்தித் தலையைத் தாழ்த்த விட்டு, தண்ணீர் காட்டுங்கள். லாயத்துத் தண்ணீரையே கேனில் கொண்டுவாருங்கள். புது ஊர்த் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுக் குடிக்காமல் விடும் குதிரைகள் உண்டு.