பந்தயச் சாரதியும் தேக உஷ்ணமும்

சித்திரை, வைகாசி மாதங்களில் வேளச்சேரியில் வசிப்போர் புழுக்கத்தின் இயல்பை நன்கறிவர். ஒருபுறம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும், மறுபுறம் சற்றுத் தொலைவில் கடலும் இருத்தலால், காற்றில் ஈரம் மிகுந்து நிற்கின்றது. கதிரவன் சாய்ந்த பின்னரும் வியர்வை உலராது வழிகின்றது. இதனினும் கொடிய புழுக்கத்தைத் தம் உடைக்குள்ளேயே சுமந்து செல்பவர் மோட்டார் பந்தயச் சாரதி. நெடும் பந்தயங்களில் அவர் தேகத்தைக் குளிர்விக்கும் உபாயங்களை ஈண்டு ஆராய்வோம்.

மோட்டார் பந்தயம் நம் நகருக்குப் புதியதன்று. முன்பு சோழவரத்து விமானத் தளத்திலும், பின்னர் இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயங்கள் நடைபெற்றன. பிரான்ஸ் தேசத்து லே மான் 24 மணிப் பந்தயத்தில் வண்டியோட்டிய முதல் இந்தியர் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக். 2012-இல் அவர்தம் குழு ஆறாவதாக வந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணிப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் குழு தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது.

நம் தேக உஷ்ணம் சுமார் 37 டிகிரி. உழைப்பால் அது மிகும்போது வியர்வை தோன்றுகின்றது. ஒரு லிட்டர் வியர்வை முற்றும் ஆவியாகுமாயின், ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். அஃது ஏழு கிலோ பனிக்கட்டியை உருக்கப் போதியது. ஆனால் ஆவியாகாது வழிந்தோடும் வியர்வையால் பயனில்லை. தேகத்து நீரும் உப்புமே வீணாகின்றன. சாரதியோ தீயினின்றும் காக்கும் பல அடுக்கு உடையும், தலைக்கவசமும், கையுறையும் அணிந்தவர். தீயைத் தடுக்கும் அவ்வுடையே வியர்வையையும் சிறைப்படுத்துகின்றது.

இதன் விளைவு யாது? நீர் குறையவே இரத்தத்தின் அளவும் குறைகின்றது. தசைக்கும் தோலுக்கும் ஒருங்கே இரத்தம் செலுத்த இருதயம் விரைந்து துடிக்கின்றது. மயக்கம் வருமுன்னரே கவனம் குன்றுகின்றது. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 70 மீட்டர் கடக்குமாதலால், ஒரு நொடிச் சோர்வும் உயிருக்கு உலை வைக்கும். 1986 செப்டம்பரில் நம் சேப்பாக்கத்தில் 210 ஓட்டங்கள் எடுத்த ஆஸ்திரேலிய வீரர் டீன் ஜோன்ஸ், இடையிடையே வாந்தியெடுத்து, முடிவில் மருத்துவமனை சேர நேர்ந்தது. திறந்த மைதானத்திலேயே இவ்வாறாயின், மூடிய வண்டிக்குள் எவ்வாறிருக்கும்?

உபாயங்கள் நான்கு. முதலாவது காற்று: வெளிக்காற்றைக் குழாய் வழியே சாரதியின் தலைக்கும் மார்புக்கும் செலுத்துவர், சில வண்டிகளில் குளிர்சாதனமும் உண்டு. இரண்டாவது பானம்: உப்புக் கலந்த நீரைத் தலைக்கவசத்துள் செல்லும் குழலால் பருகுவர். மூன்றாவது குளிர்ச்சட்டை: மெல்லிய குழாய்கள் தைத்த உட்சட்டையினூடே பனிக்கட்டிப் பெட்டியின் குளிர்நீரைச் சிறு பம்பு சுழலச் செய்யும். 1969-இல் சந்திரனில் நடந்தோரும் இவ்வகை நீர்க்குழாய் உடையையே உள்ளே அணிந்தனர். ஆயின் பனிக்கட்டி முழுதும் கரைந்து போனால், வெந்நீரே உடலைச் சுற்றிவந்து துன்பத்தை மிகுவிக்கும். ஆகவே, வண்டி எரிபொருளுக்கு நிற்கும்போது பனிக்கட்டியையும் புதுப்பிக்க வேண்டும்.

நான்காவது ஓய்வு, நாம் தலையாயதெனக் கருதுவது இதனையே. லே மான் விதிப்படி, ஒரு சாரதி எந்த ஆறு மணி நேரத்துள்ளும் நான்கு மணிக்கு மேலும், மொத்தத்தில் 14 மணிக்கு மேலும் ஓட்டலாகாது. 2023 அக்டோபரில் கத்தார் நாட்டில், ஒன்றரை மணி நேரத்துக்குட்பட்ட பார்முலா ஒன் பந்தயத்திலேயே ஒருவர் தலைக்கவசத்துள் வாந்தியெடுத்தார். மற்றொருவர் ஓட்டவியலாது விலகினார். அதன் பயனாக, வெப்பக் குறியீடு 31 டிகிரியைக் கடக்குமென எதிர்பார்க்கப்படின், குளிர்விக்கும் கருவியை வண்டியில் பொருத்த வேண்டுமென 2025-இல் விதி ஏற்பட்டது.

இவ்விதிகள் சாரதியின் தைரியத்தை நம்பி அமைந்தவையல்ல. உஷ்ணத்தால் அறிவு மயங்கியவன் தன் மயக்கத்தைத் தானே உணரான். அவனை நிறுத்தப் பிறர் வேண்டும். வேளச்சேரிச் சாலைகளில் உச்சிவெயிலில் கட்டிட வேலை செய்வோருக்கும், தலைக்கவசமணிந்து உணவு கொண்டு செல்வோருக்கும் இவ்வுண்மை பொருந்தும். அவர்க்குப் பனிக்கட்டிச் சட்டை வேண்டுவதில்லை. நிழலும், உப்பிட்ட மோரும், குறித்த நேரத்தில் கட்டாய ஓய்வும் போதும். அவற்றை அவர் கேட்கும்வரை காத்திராது, வேலை வாங்குவோரே முன்வந்து அளித்தல் கடமையாகும்.