தீபாவளி உட்டணேயும் நலங்கு மாவும்: வீட்டிலேயே அரைப்போம், அறிந்து அரைப்போம்

தீபாவளி நெருங்கினால் புனேயின் துளசிபாக் சந்துகளில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. ஆகாச கந்தீல் விளக்கு, ரங்கோலிப் பொடி, மண் அகல் விற்கும் கடைகளுக்கு நடுவே உட்டணே என்னும் குளியல் பொடிப் பொட்டலங்கள் அடுக்கியிருக்கும். பக்கத்திலேயே சிறு கூடையில் வரி ஓடிய பச்சைக் காய்கள் கிடக்கும். அது காரீட்; நம் ஊர்த் தும்மட்டிக்காயின் உறவு, வாயில் வைக்க முடியாத கசப்பு. நரக சதுர்த்தசி விடியலில் மராத்தி வீடுகளில் உடம்பெங்கும் எண்ணெய் தேய்த்து, உட்டணே பூசிக் குளித்து, அந்தக் காயை நரகாசுரனாக நினைத்துக் காலால் நசுக்குவார்கள். அதே விடியலில்தான் நம் வீடுகளில் கங்கா ஸ்நானம். ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் நல்லெண்ணெயும் உட்டணேயும் ஒரே குளியலறைக்குள் வந்து சேர்ந்துவிட்டன.

இந்தப் பொடியை வீட்டில் அரைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. என்ன போட்டோம், எவ்வளவு போட்டோம், எப்போது அரைத்தோம் என்பது நமக்குத் தெரியும். ஆனால் மூலிகை என்பதாலேயே எதுவும் தீங்கு செய்யாது என்று நம்பி, கைக்குக் கிடைத்ததையெல்லாம் கலப்பதில் ஆபத்து இருக்கிறது.

பொடியில் என்ன இருக்கிறது

நலங்கு மாவுக்கும் உட்டணேக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஒரு பருப்பு மாவு, சில மணக் கிழங்குகள், கொஞ்சம் மஞ்சள். நாம் பாசிப்பயறு போடுகிறோம். இங்கே மசூர் பருப்போ முல்தானி மிட்டியோ சேர்க்கிறார்கள். பருப்பு மாவு எண்ணெயையும் அழுக்கையும் உறிஞ்சி எடுக்கும். சாதாரண சோப்பின் காரத்தன்மை பி.எச். அளவில் 9 முதல் 10 வரை போகும். நம் தோலின் இயல்போ 4.5 முதல் 5.5 வரையிலான மிதமான அமிலத்தன்மை. சோப்பு அந்த இயல்பைக் கலைக்கும் அளவுக்குப் பருப்பு மாவு கலைப்பதில்லை. எண்ணெய்க் குளியலுக்குப் பின் தோல் வறளாமல் மென்மையாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூலிகைகளை இங்கே காஷ்ட ஔஷதி எனப்படும் நாட்டு மருந்துக் கடையில் வாங்க வேண்டும். ரவிவார் பேட்டையில் கிடைக்கும். வெட்டிவேருக்கு வாளா, கோரைக்கிழங்குக்கு நாகர்மோதா, பூலாங்கிழங்குக்கு கபூர் காச்ரி என்று கேளுங்கள். கஸ்தூரி மஞ்சள் கேட்டால் ஆம்பே ஹளத் எடுத்துத் தருவார்கள். அது பெரும்பாலும் மாங்காய் இஞ்சிதான். முகர்ந்தால் மாங்காய் வாசம் வரும். அதைப் பூசுவதில் தவறில்லை, ஆனால் கஸ்தூரி மஞ்சள் அதுவல்ல. உண்மையான கஸ்தூரி மஞ்சளை உடைத்துப் பார்த்தால் உள்ளே வெளிர் நிறமாக இருக்கும், கற்பூரம் போல் மணக்கும். பளிச்சென்ற மஞ்சளில் அந்தப் பெயரோடு எந்தப் பொடி வந்தாலும் வாங்காதீர்கள்.

எந்த மஞ்சளானாலும் கிழங்காக வாங்கி அரைப்பது பாதுகாப்பு. நிறம் கூட்டுவதற்காக மஞ்சளில் காரீய குரோமேட் கலக்கப்படுவதை 2019-இல் வங்கதேசத்தில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு அது. பூசிய கை வாய்க்குப் போகும் வீட்டில் இதில் அலட்சியம் கூடாது. சந்தனத்துக்கும் இதே எச்சரிக்கைதான். அதன் இன்றைய விலைக்கு, சில பத்து ரூபாய்ப் பொட்டலத்தில் அசல் சந்தனம் இருக்க வாய்ப்பே இல்லை. சிறு கட்டை ஒன்றை வாங்கிக் கல்லில் இழைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கார்போகரிசியும் காலை வெயிலும்

பழைய செய்முறைகள் பலவற்றில் கார்போகரிசி உண்டு. மராத்தியில் பாவ்ச்சி, கறுத்த, சிறுநீரக வடிவிலான சின்ன விதை. உட்டணே, நலங்கு மாவு இரண்டிலும் இது சேர்வது வழக்கம். இந்த விதையில் சொராலென் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது தோலில் படிந்திருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் தோல் செல்கள் தாக்கப்படும்.

இந்தக் குணத்தை மருத்துவம் நன்கு அறிந்து பயன்படுத்தியிருக்கிறது. வெண்புள்ளி உள்ளவர்களுக்கு நிறம் திரும்புவதற்காக நம் மரபு வைத்தியர்கள் கார்போகரிசி கொடுத்து வெயிலில் நிற்கச் சொன்னார்கள். சொரியாசிஸ் நோயாளிகளுக்குச் சொராலென் கொடுத்து, அளந்த புற ஊதா ஒளியைப் பாய்ச்சும் சிகிச்சையை அமெரிக்க மருத்துவர்கள் 1974-இல் வெளியிட்டார்கள். அந்தச் சிகிச்சையில் ஒளியின் அளவை விநாடிக் கணக்கில் கூட்டுவார்கள். மாத்திரை சாப்பிட்ட நாளில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே போகக் கூடாது. அத்தனை கவனத்தோடு கையாள வேண்டிய பொருளைத்தான் அளவே இல்லாமல் குழைத்து உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறோம்.

தீபாவளியன்று என்ன நடக்கிறது என்று பாருங்கள். விடியலில் குளியல், பிறகு கோயில், உறவினர் வீடு. புனேக் குழந்தைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு: வாசலில் சிவாஜியின் கோட்டைகளை மண்ணால் கட்டுவது. மணிக்கணக்கில் வெயிலில் உட்கார்ந்து கட்டுவார்கள். சொராலென் எரிச்சல் உடனே தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் சிவக்கும், கொப்புளிக்கும். அதற்குள் பட்டாசுப் புகை, புதுத்துணிச் சாயம், இனிப்பு என்று வேறு எதன்மேலாவது பழி போய்விடும். கொப்புளம் ஆறினாலும் கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

கழுவிவிடும் பொடியில் எல்லோருக்கும் இப்படி ஆகிவிடாது. அளவும், பூசியிருக்கும் நேரமும், வெயிலும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ஆனாலும் மணமோ அழகோ இதனால் கூடுவதில்லை. வீட்டில் அரைக்கும் பொடியில் கார்போகரிசியைச் சேர்க்காதீர்கள்; குழந்தைகளுக்கு அறவே வேண்டாம். கடையில் வாங்குகிறீர்கள் என்றால் பொருட்பட்டியலில் பாவ்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலே அச்சிடாத பொட்டலத்தைத் தொடாதீர்கள். எலுமிச்சைச் சாற்றை நேரடியாகத் தோலில் தேய்த்துவிட்டு வெயிலில் போவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அரைக்கும் முறை

நால்வர் உள்ள வீட்டுக்குப் பாசிப்பயறு 200 கிராம், வெட்டிவேர், கோரைக்கிழங்கு, பூலாங்கிழங்கு, உலர்ந்த பன்னீர் ரோஜா இதழ் தலா 20 கிராம், கஸ்தூரி மஞ்சள் 10 கிராம் போதும். ஒருவருக்கு ஒரு குளியலுக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டிதான் செலவாகும். மிச்சம் தீபாவளியை ஒட்டி வரும் பாடவா அன்றைக்கும் பாவூபீஜுக்கும் உதவும். இருபது மூலிகை போட்டால் இருபது மடங்கு நன்மை வராது. ஒவ்வாமை வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாமல் போவதுதான் மிச்சம்.

வெட்டிவேரை அப்படியே மிக்ஸியில் போட்டால் பிளேடில் நூலாகச் சுற்றிக்கொண்டு மோட்டார் சூடேறும். கத்தரிக்கோலால் அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி, பயறோடு சேர்த்து அரையுங்கள். கோரைக்கிழங்கை முதலில் உரலில் நச்சுங்கள். அரைத்த பிறகு சல்லடையோடு நிறுத்தாமல் மெல்லிய மல் துணியில் சலியுங்கள். சித்த வைத்தியர்கள் வஸ்திரகாயம் என்று சொல்வது இதைத்தான். துணியில் தங்கும் நாரும் கரட்டுத் துகளும் தோலைக் கீறிவிடும். முகத்துக்கும், சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் இது முக்கியம். அரைக்கும்போதும் சலிக்கும்போதும் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர் அந்த அறையில் இருக்க வேண்டாம்.

பொடியைக் குளியலறையில் வைக்கக் கூடாது. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த டப்பாவில் சமையலறையில் வைத்து, காய்ந்த கரண்டியால் தேவையானதை மட்டும் எடுங்கள். தண்ணீரிலோ பாலிலோ தயிரிலோ குழைத்ததில் மிஞ்சியதை எடுத்துவைக்க வேண்டாம். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் குழைத்ததைக் கொஞ்சம் முழங்கையின் உட்புறம் தடவிக் கழுவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அந்த ஆண்டு வெறும் பயத்தமாவுதான்.

எண்ணெய்

நல்லெண்ணெயை நேராக அடுப்பில் காய்ச்ச வேண்டாம். கிண்ணத்தை வெந்நீரில் வைத்தால் போதிய சூடு ஏறும். அரைமணி நேரம் ஊறினால் போதும். தீபாவளிக்குப் பிறகு புனேயின் காற்று குளிர்ந்து வறண்டுவிடும். சென்னைக் கசகசப்பில் பழகிய தோல் இங்கே வெடிக்கும். வெந்நீர் கொதிக்கக் கொதிக்க இருந்தால் வறட்சி இன்னும் மோசமாகும். குளித்து ஈரம் ஒற்றிய உடனேயே கை கால்களில் சில துளி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

எண்ணெய் சிந்திய டைல்ஸ் தரை முதியவர்களுக்கு ஆபத்து. ஒருவர் குளித்து முடித்ததும், அடுத்தவர் உள்ளே போகுமுன் அதே மாவைத் தரையில் தூவித் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

கைக்குழந்தைகளுக்கு

தோல் வறண்டு வெடித்த, எக்ஸிமா உள்ள குழந்தைக்குப் பருப்பு மாவு, கோதுமைத் தவிடு, பால், பாதாம் எதையும் தேய்க்காதீர்கள். புண்பட்ட தோல் வழியாக உணவுப் புரதம் உள்ளே போனால் உடம்பு அதைப் பகையாகப் பதிவு செய்துகொள்ளக்கூடும். கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சோப்பு ஒன்றைப் பயன்படுத்திய ஜப்பானியர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை உணவே ஒவ்வாமல் போயிற்று. 2011-இல் அந்தச் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அவர்கள் வளர்ந்தவர்கள்; பிஞ்சுத் தோலுக்கு இன்னும் கவனம் வேண்டும். கற்பூரம் கலந்த எண்ணெயும் குழந்தைக்குக் கூடாது, வலிப்பு வரக்கூடும். தேங்காய் எண்ணெயும் வெதுவெதுப்பான நீரும் போதும்.

வாளிக்குள் போட

கடைகளில் ‘பாத் பாம்’ பார்த்திருப்பீர்கள். லஷ் நிறுவனத்தின் மோ கான்ஸ்டன்டைன் 1989-இல் உருவாக்கியது. சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் நீரில் சேர்ந்து நுரைக்கும். தொட்டியில் படுத்துக் குளிப்பவர்களுக்கானது அது. வாளிக் குளியலுக்கு வெட்டிவேர் முடிச்சு ஒன்றை இரவே தண்ணீரில் போட்டுவையுங்கள். அந்த மணத்துக்கு எதுவும் ஈடில்லை. தோல் அரிப்பு உள்ள பெரியவர்களுக்கு ஒரு கைப்பிடி ஓட்ஸை மல் துணியில் கட்டி வெந்நீரில் பிழிந்துவிடலாம்.

வண்ணம் பூசி விளையாடும் ரங்கபஞ்சமிக்கும் நாம் அரைத்த பொடிதான் கைகொடுக்கும். சாயம் பூசுமுன் தேங்காய் எண்ணெய், வந்தபின் பயத்தமாவும் தயிரும். தேய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள், நிறம் தானே போகும்.

கேஸ் கெய்சர்

தீபாவளி விடியலில் ஒரே குளியலறையில் நான்கைந்து பேர் அடுத்தடுத்துக் குளிக்கிறோம். குளிருக்காக ஜன்னலை அடைத்துவிடுகிறோம். உள்ளேயே கேஸ் கெய்சர் எரிந்துகொண்டிருந்தால் காற்றில் ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். வெட்டிவேர் மணக்க மணக்கக் குளித்துக்கொண்டிருப்பவர் கூப்பிடக்கூட முடியாமல் சாய்ந்துவிடுவார்.

கெய்சரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் பொருத்துங்கள். அது முடியாத வீட்டில் முதலில் வாளியை நிரப்பி, கெய்சரை அணைத்து, ஜன்னலைத் திறந்து காற்றோடவிட்ட பிறகு உள்ளே போங்கள். தலைவலி, மயக்கம், குமட்டல் எது வந்தாலும் உடனே வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே இருப்பவரிடமிருந்து பதில் வராவிட்டால் கதவை உடையுங்கள், கேஸை மூடுங்கள், அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். மகாராஷ்டிரத்திலும் ஆம்புலன்சுக்கு அதே எண்தான்.