பெற்றோருக்கு மணஞ்செய்து வைக்கும் குழந்தைகள்: ஒரு விடுமுறைக் கதையின் சமூக அடித்தளம்

விடுமுறைக் காலத்தில் வீட்டைவிட்டு அகன்றிருக்கும் இரு சிறுமியர் தற்செயலாகச் சந்திக்கின்றனர். தாம் இரட்டையர் என்பதையும், பெற்றோர் மணமுறிவின்போது ஆளுக்கொருத்தியாகத் தம்மைப் பங்கிட்டுக்கொண்டனர் என்பதையும் அறிகின்றனர். பின்னர் ஆள்மாறாட்டஞ் செய்து தாயையும் தந்தையையும் மீண்டும் மணம்புரிய வைக்கின்றனர். ஜெர்மன் மொழியில் நாவலாகத் தோன்றிய இக்கதை ஹொலிவூட் சென்று, அங்கிருந்து சென்னைக்கும் வந்து சேர்ந்தது. இத்தகைய கதைகளை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குதல் எம்மிடையே வழக்கமாகிவிட்டது. எனினும், ஒரே கதை நாடு மாறும்போது எவையெவை மாற்றப்படுகின்றன என நோக்கின், குடும்பம் எதனால் உடைகிறது என்ற வினாவுக்கு ஒவ்வொரு சமூகமும் எவ்விடையை ஏற்றது, எவ்விடையை மறைத்தது என்பது புலனாகும்.

மூலநூலை எரிக் கெஸ்ற்னர் 1949 இல் வெளியிட்டார். அவருடைய நூல்கள் 1933 இல் நாசிகளால் எரியூட்டப்பட்டன. கூட்டத்தினிடையே நின்று அதனைக் கண்ணாற் கண்டவர் அவர். எழுத்துத் தடையின் கீழ் வாழ்ந்த காலத்தில், 1942 அளவில், இக்கதையைத் திரைப்படத்துக்கென உருவாக்கினார். போரின் பின்னரே அது நாவலாயிற்று. மணமுறிவு சிறுவர் நூலுக்குத் தகுந்த பொருளா என்று பெரியோர் கேட்பர் என்பதை எதிர்பார்த்து, நூலினுள்ளேயே அதற்கு விடையிறுத்தார். உலகப்புகழ் பெற்ற குழந்தை நடிகை ஷேர்லி டெம்பிள், தான் நடித்த படத்தைப் பார்க்கத் திரையரங்கு சென்றபோது, வயது போதாதெனத் தடுக்கப்பட்டாள் என்னும் செய்தியை எடுத்துக்காட்டி, பிள்ளைகள் பட்டு அனுபவிப்பதை அவர்களது நூலில் மட்டும் மறைப்பானேன் என்று வாதிட்டார்.

கெஸ்ற்னரிடத்து எம்மைக் கவர்வது, பிரிவுக்கு அவர் காட்டும் காரணமாகும். வியன்னாவில் வாழும் தந்தை பால்பி இசையமைப்பாளர். இரட்டைக் குழந்தைகளின் அழுகை ஓயாத வீட்டில் அவருக்கு இசையாக்கம் கைகூடவில்லை. பியானோவுடன் வேறிடம் சென்று வேலை செய்யத் தொடங்குகிறார், இளம் மனைவி தனித்துவிடப்படுகிறாள், மணம் முறிகிறது. ஒருவரது கொடுமையோ ஒழுக்கக்கேடோ இங்குப் பேசப்படவில்லை. உழைப்புக்கும் இல்லத்துக்கும் இடையிலான முரண்பாடே பேசப்படுகிறது. தாய் மியூனிக்கில் ஒரு பட இதழில் வேலை செய்து பிழைக்கிறாள். அவள் வேலைக்குச் செல்லும் நேரத்திற் சிறுமி லொட்டே சமைக்கிறாள், கடைக்குச் செல்கிறாள். இதே லொட்டே ஆள்மாறி வியன்னா சென்றதும், வீட்டுப் பணிப்பெண்ணின் செலவுக் கணக்கைச் சரிபார்க்கத் தொடங்கிவிடுகிறாள்! உழைக்கும் தாயின் பிள்ளைக்கு வரும் அறிவு அது. நாவலின் முடிவிலும் அன்பு மாத்திரம் போதியதாக இல்லை. அயல்வீட்டு ஓவியர் தமது குடியிருப்பைத் தந்தையின் வேலைக்கூடத்துடன் மாற்றிக்கொள்ள, தந்தை எதிர்வாசலிலேயே இருந்து வேலை செய்ய வழி பிறக்கிறது. பொருளியற் காரணத்தால் விளைந்த பிரிவு, பொருளியல் ஏற்பாட்டினாலேயே தீர்கிறது.

சிறுமியர் சந்திப்பது விடுமுறை இல்லமொன்றில் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. நகரத்து ஏழைப் பிள்ளைகளை மலைக்காற்றுக்கு அழைத்துச் செல்லும் முயற்சியை சூரிச் நகரில் வோல்ற்றர் பியோன் என்ற போதகர் 1876 இல் தொடங்கினார். அது ஐரோப்பாவெங்கும் பரவியது. தொழிலாளர் போராட்டங்களின் விளைவாக, பிரான்சில் 1936 இல் இருவாரச் சம்பள விடுமுறை சட்டமாயிற்று. விடுமுறை இயற்கையாய் அமைந்த ஒன்றன்று, வென்றெடுக்கப்பட்டது. பெற்றோரின் கண்காணிப்பு எட்டாத அக்குறுகிய காலவெளியிலேயே பிள்ளைகள் தம் குடும்பத்தை வெளியிலிருந்து நோக்க முடிகிறது.

டிஸ்னி நிறுவனத்தார் 1961 இல் இதனைப் 'பேரன்ற் ட்ராப்' என்ற படமாக்கினர். தந்தைக்குக் கலிபோர்னியாவிற் பண்ணை. தாய் பொஸ்ரனில் செல்வந்தரான தன் தந்தையின் மாளிகையில் வாழ்கிறாள். சம்பளத்துக்கு உழைக்கும் தாய் மறைந்துவிட்டாள்; அவளோடு சமைக்கும் சிறுமியும் மறைந்தாள். பிரிவுக்குக் காரணம் கணவன் மனைவியரின் குணவேறுபாடு என்றாகிவிடுகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப ஒரு வில்லி தேவைப்படுகிறாள்: தந்தையை மணக்க வரும் இளம்பெண்ணும் அவள் தாயும் பணத்துக்கு ஆசைப்படுபவராகச் சித்திரிக்கப்பட்டு, சிறுமியரால் விரட்டப்படுகின்றனர். சொத்துள்ளோர் காதலுக்காக மணப்பர், சொத்தற்றோரே சொத்துக்காக மணப்பர் என்பது இதன் உட்கிடை. பூர்ஷ்வாத் திருமணத்தின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது நகைப்பையே தரும். 1998 இல் இப்படம் மீண்டும் எடுக்கப்பட்டபோது தாய்க்கு ஒரு தொழில் திரும்பக் கிடைத்தது. இலண்டனில் மணப்பெண் ஆடை வடிவமைப்பவளாக வருகிறாள். தந்தைக்கு இப்போது திராட்சைத் தோட்டம்.

தமிழில் ஏ.வி.எம். நிறுவனம் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் 1965 இல் 'குழந்தையும் தெய்வமும்' எனும் படத்தை வெளியிட்டது. ஜெய்சங்கரும் ஜமுனாவும் பெற்றோராக நடித்தனர். தொடர்ந்து 1966 இல் தெலுங்கிலும் 1968 இல் இந்தியிலும் இக்கதை படமாயிற்று. டிஸ்னி மறைத்த ஒன்றைத் தமிழ்ப்படம் வெளிப்படையாகவே காட்டுகிறது: இங்குக் குடும்பத்தைப் பிரிப்பது பணம். ஆயினும் அப்பணம், மருமகனை அடக்கியாள முற்படும் செல்வச்செருக்கு மிக்க மாமியார் என்ற தனியொரு பெண்ணின் குணமாகச் சுருக்கப்பட்டுவிடுகிறது. மனைவிவழிச் சொத்து ஆணின் அதிகாரத்தைக் குலைக்கும் என்ற அச்சம் இதன் அடியில் உள்ளது. சீதன வீட்டிற் குடிபுகும் மாப்பிள்ளையை நன்கறிந்த யாழ்ப்பாணத்து வாசகர்க்கு இவ்வச்சத்தை விளக்க வேண்டியதில்லை. விடுமுறை முகாமோ தமிழகத்து நடுத்தர வர்க்கத்தின் வாழ்வில் வேரூன்றியதொன்றன்று. சேர்த்துவைக்கும் பணியில் ஒரு பங்கு, தலைப்பே உணர்த்துவதுபோல, தெய்வத்திடம் ஒப்படைக்கப்படுகிறது.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. 1950 இல் வந்த ஜெர்மன் படத்தில் உண்மையான இரட்டைச் சகோதரியர் நடித்தனர். 1961 இல் ஹெய்லி மில்ஸ், 1965 இல் குட்டி பத்மினி, 1998 இல் லின்ட்சே லோகன் ஆகியோர் இரு வேடங்களையும் தனித்தே தாங்கினர். கமெராத் தந்திரத்தின் துணையால், இரு பிள்ளைகளின் உழைப்பை ஒரே பிள்ளையிடமிருந்து பெறத் திரைப்படத் தொழில் கற்றுக்கொண்டது. நாம் முன்னர் சுட்டிய ஷேர்லி டெம்பிள் செய்தியைக் கெஸ்ற்னர் நூலில் ஏன் சேர்த்தார் என்பதை இவ்விடத்தில் வைத்து மீளப் படிக்கலாம்.