வாலாஜா பள்ளிவாசலின் பாரசீகக் கல்வெட்டு



பாரசீகப் பண்பாட்டின் சுவடுகளைக் காண ஈரான்வரை செல்ல வேண்டுவதில்லை. மயிலாப்பூரை அடுத்த திருவல்லிக்கேணியில், வாலாஜா பள்ளிவாசலுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள்.

1795-இல் ஆற்காடு நவாப் குடும்பத்தார் எழுப்பிய பள்ளி அது. அவர்களின் அரசவை மொழி பாரசீகம். ஆகவே, கட்டிய ஆண்டும் பாரசீகக் கவி மரபின்படி கல்லில் பொறிக்கப்பட்டது. அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்மதிப்பு உண்டு: அலிஃப் 1, பே 2. இறைநினைவே மிகப் பெரியது என்று பொருள்படும் திருமறைத் தொடரின் எழுத்துகளைக் கூட்டினால் ஹிஜ்ரி 1209 வரும்.

அதனை அமைத்தவர் நவாபிடம் பணியாற்றிய ராஜா மக்கன் லால் கிராத். ஓர் இந்து அறிஞர். அக்கல்லை நம் முன்னோர் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் போற்றிக் காத்துள்ளனர். மாற்று மதத்தாரோடு எவ்வாறு வாழ்வது என்று பிள்ளைகள் கேட்டால், அதனைக் காட்டுங்கள்.

வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.