பத்து மணிக்கு முன், ஐந்து மணிக்குப் பின்

காலை ஆறு மணி. பால்கனிக் கதவைத் தள்ளினால் எதிரே ஒரு மலைச்சுவர் நிற்கிறது. அடியில் கறுப்பு, நடுவில் செம்மண் நிறம், மேலே சாம்பல். உச்சியில் யாரோ கூடை கூடையாகச் சுண்ணாம்பைக் கொட்டிவிட்டுப் போனதுபோல வெள்ளை வெளேரென்று வீடுகள். எஞ்சின் சத்தம் அடங்கிவிட்டது. ஆனால் நங்கூரச் சங்கிலி இறங்கும் கடகடப்பு மட்டும் கேட்கவில்லை. கேட்கவும் கேட்காது. சான்டோரினிக்கு எதிரே பெரிய கப்பல்கள் நங்கூரம் போட வழியில்லை. நீங்கள் மிதந்துகொண்டிருப்பது ஓர் எரிமலையின் வாய்க்குள். சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் வெடித்து உள்ளே சரிந்த மலையின் குழியில் கடல் புகுந்துகொண்டது. கரையிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே தரை செங்குத்தாக இறங்கிவிடும். சில இடங்களில் ஆழம் 300 மீட்டருக்கும் மேல். வருகிற கப்பல்கள் மிதவையில் கட்டிக்கொண்டோ, எஞ்சினை மெல்ல ஓட்டி ஒரே இடத்தில் நின்றுகொண்டோ பொழுதைக் கழிக்கின்றன.

இதே தண்ணீருக்கு அடியில் ஒரு பயணிகள் கப்பல் கிடக்கிறது. 2007 ஏப்ரல் 5 அன்று ‘சீ டைமண்ட்’ துறைமுகத்தருகே பாறையில் மோதி, மறுநாள் காலை மூழ்கியது. சுமார் 1,600 பேர் இருந்த கப்பல். இருவரைத் தவிர எல்லோரும் தப்பினார்கள். கப்பலை இன்னும் வெளியே எடுக்கவில்லை. அறைக்கு வரும் அன்றைய நிகழ்ச்சி நிரலில் இதெல்லாம் இருக்காது.

கிரேக்கத் தீவுகளைச் சுற்றும் சொகுசுக் கப்பல் என்றதும் எல்லோரும் பேசுவது கப்பலைப் பற்றி. எத்தனை உணவகம், எத்தனை நீச்சல் குளம், குளியலறையில் என்ன பளிங்கு. ஏஜியன் கடலில் காசு கொடுத்து வாங்க வேண்டியது அதுவல்ல என்பது என் கட்சி. இங்கே சொகுசு என்பது நேரம். தீவில் காலை பத்து மணிக்கு முன்பும் மாலை ஐந்து மணிக்குப் பிறகும் இருக்கக் கிடைக்கும் நேரம். நடுவில் உள்ள ஏழு மணி நேரத்தில் தீவு தீவாக இருப்பதில்லை.

சான்டோரினியையே பாருங்கள். படகு உங்களைப் பழைய துறைமுகம் என்கிற சின்னப் படித்துறையில் இறக்கிவிடும். ஊர் பெயர் ஃபிரா. அது தலைக்கு நேர் மேலே, 200 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் இருக்கிறது. ஏற மூன்று வழி. சுமார் 590 படிகள், கழுதை, இல்லையென்றால் நோமிகோஸ் என்ற கப்பல் முதலாளிக் குடும்பம் ஊருக்காக 1979-இல் கட்டிக்கொடுத்த கேபிள் கார். பழநிக்குப் போய்வந்தவர்களுக்கு இது பழகிய ஏற்பாடுதான். விஞ்சுக்குப் பதில் கழுதை, அவ்வளவே. கழுதை மட்டும் வேண்டாம். ஒரு விலங்கின் மேல் 100 கிலோவுக்கு மேலோ, அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலோ ஏற்றக்கூடாது என்று 2018-இல் கிரேக்க அரசு விதி போட்டது. அப்படி ஒரு விதி தேவைப்பட்டது என்பதிலிருந்தே அந்தப் படிகளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஊகிக்கலாம்.

கேபிள் காரில் கூண்டுக்கு ஆறு பேர், ஆறு கூண்டு. ஒரு நடைக்கு 36 பேர். ஒன்பதரைக்கு நான்கு கப்பல்கள் வந்து நின்றால் வரிசை எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2023-இல் மட்டும் சுமார் 800 கப்பல்கள் 13 லட்சம் பேரை இங்கே கொண்டுவந்தன. தீவின் நிரந்தர ஜனத்தொகை சுமார் 15,000. 2024 ஜூலையில் ஒரே நாளில் 17,000 கப்பல் பயணிகள் வரவிருந்தார்கள். உள்ளாட்சிப் பிரதிநிதி ஒருவர், உள்ளூர்க்காரர்கள் அன்றைக்கு நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். சொந்த ஊரில் வீட்டுக்குள் இரு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? பதிவு காணாமல் போனது. பிரச்சினை போகவில்லை. இப்போது நாளொன்றுக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பு. 2025 ஜூலை முதல் இன்னொன்றும் சேர்ந்தது: ஜூன் முதல் செப்டம்பர் வரை சான்டோரினியிலோ மைகோனோஸ் தீவிலோ இறங்கும் கப்பல் பயணி ஒவ்வொருவருக்கும் 20 யூரோ கட்டணம், மற்றத் துறைமுகங்களில் 5.

முதல் படகிலேயே கரையேறியவருக்குக் கிடைப்பது வேறு ஊர். பேக்கரிக்காரர் கதவைத் திறந்து வைத்திருப்பார். சந்தில் ஒரு பாட்டி வாசல்படிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். ஃபிராவிலிருந்து இயா என்ற ஊர் வரை குழியின் விளிம்பிலேயே பத்து கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது; வெயில் ஏறுவதற்குள் பாதி தூரம் போய்விடலாம். தீவின் உட்பக்கம் போனால் திராட்சைத் தோட்டம். பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. கொடியைத் தரையோடு தரையாக, தலைச்சுமைக்குச் சும்மாடு சுருட்டுவதுபோலச் சுருட்டிவிட்டிருக்கிறார்கள். காற்று அடிக்காமல் பழம் உள்ளே பதுங்கி வளர்கிறது. மழை அரிதான ஊரில் ராத்திரிப் பனியே அதற்குப் பாதித் தண்ணீர். மதியச் சாப்பாட்டில் ஃபாவா என்று ஒன்று வரும். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். நம் பருப்பு மசியலேதான். நெய்க்குப் பதில் ஆலிவ் எண்ணெய், மேலே நறுக்கிய வெங்காயம். சைவக்காரர்கள் பிழைத்தார்கள்.

தீவின் தெற்கே அக்ரோதிரி இருக்கிறது. எரிமலைச் சாம்பலில் புதைந்த வெண்கலக் கால நகரம். ஸ்பிரிடான் மரினாதோஸ் 1967-இல் தோண்டத் தொடங்கினார். அங்கே ஒரு வீட்டுச் சுவரில் கிடைத்த நீண்ட ஓவியத்தில் அலங்கரித்த கப்பல்கள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகின்றன. பந்தல் போட்ட நிழலில் பயணிகள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறார்கள். மாடியில் ஏறி நின்று ஊர் ஜனம் வேடிக்கை பார்க்கிறது. ஓவியம் இப்போது ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கப்பல் ஏறுவதற்கு முந்தைய நாள் அதைப் பார்த்துவிடுவது நல்லது. இந்தக் கடலில் நிழலில் உட்கார்ந்து தீவு பார்க்கும் பழக்கம் எவ்வளவு பழையது என்று தெரியும்.

இப்போதைய வடிவத்தில் அந்தப் பழக்கத்தைப் பிரபலப்படுத்தியவற்றுள் ஒன்று 1950-களில் தொடங்கிய ‘ஸ்வான் ஹெலனிக்’ என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பயணங்கள். நடனத்தையும் சூதாட்டத்தையும் விட மேல்தள விரிவுரைகளுக்குப் பேர்போனவை அவை. விரிவுரையாளர்களில் முதன்மையானவர் மார்டிமர் வீலர். பெயர் எங்கோ கேட்டதுபோல இருக்கிறதா? 1945-இல் புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டைத் தோண்டியவர் அவரேதான். அரிக்கமேட்டு மண்ணில் கிடைத்த மது ஜாடித் துண்டுகளைப் பின்னாளில் எலிசபெத் லைடிங் வில் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகை பிரித்தார். அவற்றில் இரட்டைக் குழல் போன்ற கைப்பிடி கொண்டவை கோஸ் தீவு ஜாடிகள். அவற்றைப் பார்த்து வேறு இடங்களில் செய்த நகல்களும் உண்டு. கடல்நீர் கலந்து தயாரிக்கும் மதுவுக்குப் பெயர்போன தீவு கோஸ். யவனர் கப்பலில் வந்த தேறலைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்களே, அதில் கொஞ்சம் உப்புக் கரித்திருக்கவும் கூடும். கோஸில் இறங்குகிற தமிழர் மற்றவர்களைப் போல ஹிப்போகிராட்டிஸ் மரத்தடியில் படம் எடுத்துக்கொண்டு போகட்டும். அருங்காட்சியகத்தில் அந்த ஜாடிப் பிடியையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.

இனி காற்று. ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி வீசும். மேகம் ஒன்றுகூட இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும், ஆனால் கடல் கொதிக்கும். தலையில் தொப்பி நிற்காது. கேப்டன் ஒலிபெருக்கியில் வந்து, பாதுகாப்பு கருதி இன்று மைகோனோஸ் இல்லை என்பார். எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் இதற்கு மேல்முறையீடு கிடையாது. மைகோனோஸ் போகாமல் போனதற்கு நான் பெரிதாக அழ மாட்டேன். காற்றாலைகள் அழகு, சந்துகள் அழகு, விலைகள் அழகில்லை. வருத்தப்பட வேண்டியது அதற்கு எதிரே அரைமணி படகு தூரத்தில் இருக்கும் டெலோஸ் தவறிப்போவதற்கு.

டெலோஸில் யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று கி.மு. 426-இல் ஏதென்ஸ்காரர்கள் சட்டம் போட்டார்கள். அப்போலோ பிறந்த மண் தீட்டுப்படக் கூடாதாம். இருந்த கல்லறைகளையும் தோண்டிப் பக்கத்துத் தீவுக்கு மாற்றினார்கள். பிரசவ வலி வந்த பெண்ணைப் படகில் ஏற்றி அனுப்ப வேண்டியதுதான். அப்படிப் புனிதமாக வைத்திருந்த தீவு, பிற்பாடு மத்தியதரைக் கடலின் பெரிய அடிமைச் சந்தையாயிற்று. ஒரே நாளில் பத்தாயிரம் பேரை இறக்கி விற்று அனுப்ப முடியும் என்று ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார். இன்று அங்கே ஹோட்டல் இல்லை, குடியிருப்பு இல்லை. காவலர்களும் அகழாய்வுக்காரர்களும் தவிர இரவில் தங்க யாருக்கும் அனுமதியில்லை. பளிங்குச் சிங்கங்களின் நகல்கள் வரிசையாக வாய் திறந்து நிற்கும். நடுவே பல்லிகள் ஓடும். நிழல் கிடையாது; தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் இல்லாமல் இறங்காதீர்கள்.

கிழக்கே துருக்கிக் கரையும் அதை ஒட்டிய கிரேக்கத் தீவுகளும். தமிழ் விவிலியம் படித்து வளர்ந்தவர்களுக்கு இங்கே எல்லாமே தெரிந்த பெயர்கள். எபிசஸ் என்று பலகையில் இருப்பது நம் எபேசு. பாட்மோஸ் தீவு நம் பத்மு. வெளிப்படுத்தின விசேஷம் எழுதப்பட்டதாகச் சொல்லும் குகையும், அதற்கு மேலே 1088-இல் நிறுவிய மடமும் அங்கே இருக்கின்றன. எபேசுவுக்குக் குஷாதாசி துறைமுகத்தில் இறங்கிப் பேருந்தில் போக வேண்டும். ஒரு காலத்தில் கப்பல் நேரே ஊருக்குள் வந்தது. ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்து, கடலைச் சில கிலோமீட்டர் தள்ளிவிட்டது. துறைமுகம் போனதும் ஊரும் போயிற்று. அகன்ற பளிங்குச் சாலை ஒன்று நாடக அரங்கிலிருந்து நேராகப் போய்ப் புல்லும் நாணலுமான சதுப்பில் முடிகிறது. செல்சஸ் நூலகத்தின் முகப்பின் முன்னால் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அந்தச் சாலையின் கடைசி வரை நடப்பவர் குறைவு.

கோஸுக்கும் துருக்கிக் கரைக்கும் நடுவில் மிகக் குறுகலான இடத்தில் சில கிலோமீட்டர்தான். சொகுசுக் கப்பல் அந்த இடைவெளியைக் கடப்பது இரவு உணவின் இரண்டாவது தட்டு வருவதற்குள் முடிந்துவிடும். 2015-இல் எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதுபோன்ற இடைவெளிகளை ரப்பர் படகில் கடந்து கிரேக்கத் தீவுகளுக்கு வந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 2 அன்று போட்ரும் அருகே கரை ஒதுங்கிய சிரியக் குழந்தை அலன் குர்தி ஏறிய படகு கோஸுக்குத்தான் புறப்பட்டது. விடுமுறைக்கு வந்த இடத்தில் இதையெல்லாம் நினைக்க வேண்டுமா என்று கேட்கலாம். நினைக்காமல் அந்தத் தண்ணீரைப் பார்க்க என்னால் முடியாது.

பெரிய கப்பல்கள் எட்டிப் பார்க்காத தீவுகளில்தான் சிறிய கப்பலின் அருமை தெரியும். நூறு, இருநூறு பேர் ஏறும் கப்பல் சிமியின் துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்துவிடும். 1900-இல் ஆன்டிகிதேரா தீவருகே கடலடியில் பழங்காலக் கப்பலின் சிதைவைக் கண்டுபிடித்தவர்கள் இந்தச் சிமியிலிருந்து கடற்பஞ்சு எடுக்க மூழ்கப் போனவர்கள். கியோஸ் தீவுக்குக் கோடையில் போனால் மஸ்டிக் என்ற பிசின் எடுப்பதைப் பார்க்கலாம். தெற்குக் கிராமங்களில் குட்டை மரங்களின் அடியைப் பெருக்கி, வெள்ளைச் சுண்ணாம்புப் பொடி தூவி மட்டமாக்குகிறார்கள். பிறகு பட்டையில் ஊசி போன்ற கருவியால் சின்னச் சின்னக் கீறல். பிசின் சொட்டுச் சொட்டாகப் பொடிமேல் விழுந்து உறைகிறது. அதைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோய், பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொரு துளியையும் கத்தி முனையால் சுத்தம் செய்வார்கள். வாயில் போட்டால் முதலில் கசப்பு, பிறகு பைன் மரத்து வாசனை. எந்தக் கப்பலின் பஃபேயிலும் இதற்கு ஈடு இல்லை.

கிளம்ப நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கப்பல் துருக்கிக்குப் போய்த் திரும்புமென்றால் ஷெங்கன் விசா பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். ஒருமுறை நுழையும் விசாவோடு போனால் குஷாதாசியில் இறங்கிய பிறகு கிரேக்கத்துக்குள் மறுபடி வர முடியாது. துருக்கிக்கு விசா விதிகள் தனி. மாதம் உங்கள் கையில் இருந்தால் ஜூன் முதல் பாதி அல்லது செப்டம்பர். காற்றும் கூட்டமும் இரண்டுமே தணிந்திருக்கும்.

ஏஜென்ட் முதலில் அறையின் படத்தைக் காட்டுவார். அதை ஓரமாக வைத்துவிட்டு, துறைமுக அட்டவணையில் வந்துசேரும் நேரம், புறப்படும் நேரம் என்ற இரண்டு பத்திகளை மட்டும் பாருங்கள். சான்டோரினிக்கு நேரே காலை 7 முதல் இரவு 10 என்றிருந்தால் பணத்தைக் கட்டுங்கள். காலை 10 முதல் மாலை 5 என்றிருந்தால் வேண்டாம். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து எட்டு மணி நேரத்தில் சாதாரணப் பயணிகள் கப்பல் சான்டோரினி போகிறது. அதில் டிக்கெட் எடுத்து, தீவில் மூன்று ராத்திரி தங்கிவிட்டு வந்தாலும் மிச்சம் இருக்கும்.